திரை, டிரம்ஸ், குலுக்கல்: சபைக் குழுவினர் கவனத்துக்கு

ஸ்தோத்திரம். யாங்கோன் சபைக் குழுவில் உள்ள அனைவருக்கும்.

இரண்டு நாட்களாக இங்கே நடக்கும் வாக்குவாதத்தைப் படித்தேன். ஆராதனையில் பாட்டு வரிகள் காட்டும் திரை வேண்டுமா, டிரம்ஸ் வேண்டுமா, ஆள் சேர்க்க ரைஸ் குக்கர் பரிசோடு கிறிஸ்துமஸ் குலுக்கல் வேண்டுமா என எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பேசுவோம்.

திரை வேண்டும் என்பதே என் கருத்து. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் திரையில் போட்டபிறகுதான் அவர்கள் வாய் திறக்கிறார்கள். போன வாரம் இரண்டாம் சரணத்தில் கரண்ட் போய்த் திரை இருண்டது. பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். முன்வரிசைப் பாட்டிமார் மட்டும் நிறுத்தாமல் ஐந்தாம் சரணம் வரை மனப்பாடமாகப் பாடி முடித்தார்கள். (ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் பொறுப்பாளர் கவனிக்க.)

"இதெல்லாம் உலக வழி" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் அண்ணா. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மக்கள் ரசித்த குறவஞ்சி நாடக வடிவத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். 1813-இல் ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், 1819-இல் பர்மியர் வழக்கப்படி சாலையோரம் ஒரு ஸயாட் (வழிப்போக்கர் இளைப்பாறும் மண்டபம்) கட்டி, அங்கே உட்கார்ந்து போவோர் வருவோரிடம் பேசினார். அந்த ஆண்டுதான் முதல் பர்மியர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் அவர் ரைஸ் குக்கர் கொடுத்து ஆள் சேர்க்கவில்லை. குலுக்கலுக்கு நான் ஒப்பமாட்டேன். பரிசு விழாதவர் அடுத்த வாரம் வருவாரா?

டிரம்ஸ் பற்றி வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் பேசுவோம். போதகர் ஐயரும் இருப்பார். அதுவரை குரல் பதிவுகள் வேண்டாம்; நேரில் வாருங்கள்.