கேனில் இடம் கொடுத்தவருக்கு

திருநெல்வேலி
28 டிசம்பர் 2023

அன்புள்ள எல்லோருக்கும்,

என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். இங்கே தாமிரபரணியே தெருவுக்கு வந்துவிட்டது. வீடு முங்கியவர்களும் ஆளையே பறிகொடுத்தவர்களும் இருக்கும் ஊரில், கரண்ட் இல்லாமல் நின்றுபோன எங்கள் மருத்துவக் கல்லூரி ஆய்வக ஃப்ரீசர் ஒன்றுக்காக அழுதேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நான்கு நாளில் என் போனை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் புது வருஷத்துக்குள் கால் வைக்க மனம் வரவில்லை.

முதலில் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து, மூன்று மாடி ஏறி, ஃப்ரீசர் கதவில் ‘யாரும் திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டிய எங்கள் அட்டெண்டர். திறக்காத வரையில்தான் உள்ளே குளிர் நிற்கும் என்று நான் எப்போதோ சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தார். டார்ச் பிடித்தபடி ராத்திரி முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த மாணவிகள். இரண்டாம் நாள் மாலை உலர்பனிக்கட்டியோடு காரை அனுப்பி, தன் ஃப்ரீசரில் இரண்டு தட்டைக் காலி செய்து கொடுத்த நாகர்கோவில் தோழி. கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தம்பிகள், பேர் தெரியாது. சாப்பாடு அனுப்பிய ஹாஸ்டல் சமையற்கட்டு. உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் மிச்சம் முழுக்க ஒருவருக்கு. அவர் பெயரை எழுத மாட்டேன். “பேரைப் போட்டுராதீங்க டாக்டரம்மா, ஆபீஸ்ல கணக்கு கேப்பாக” என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அந்த ஃப்ரீசரில் இருந்தது, மேற்கே உள்ள கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களின் ரத்தம். எட்டு வருஷச் சேகரம். சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி வரைக்கும் சுற்றுகிறவர்கள். வாயில் பீடி வைத்தே அறியாதவர்கள். ஆனாலும் புகைக்கிறவர்களின் உடம்பில் காண்கிற கோட்டினின், அதாவது நிகோட்டின் சிதைந்து உண்டாகும் பொருள், இவர்கள் சிறுநீரிலும் இருக்கிறது. தூள் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு வெள்ளையணுக்களை மைனஸ் 80 டிகிரியில் வைத்துக் காக்க வேண்டும். டிஎன்ஏ கொஞ்சம் தாங்கும். எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டுகிற ஆர்என்ஏ தாங்காது, ஒரு தடவை உருகினால் போச்சு.

இரண்டாம் நாள் காலையில் ஃப்ரீசர் முள் மைனஸ் 40ஐத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாகர்கோவில் கார் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. என் பழைய மாணவன் ஒருவன் மேற்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறான். அழுகிற குரலில் அவனிடம் திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மேடம், எங்க ஊர் மாட்டு டாக்டர்ட்ட இருக்கும்” என்றான்.

எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஊராகப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறார்களே, அந்த உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில்தான் கிடக்கின்றன. இருபத்து மூன்று வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். எங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் என் ஃப்ரீசரைவிடக் குளிர்ந்த ஒன்று உட்கார்ந்திருப்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

பதினொரு மணிவாக்கில் அவர் வந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்தட்டில் சாக்கு சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய பெரிய அலுமினியக் கேன். முழங்கால் வரை சேறு. சாதாரணமாக முக்கால் மணி நேரப் பாதை, அன்றைக்கு மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. படியேறி வந்து மூச்சு வாங்கிவிட்டு, முதல் கேள்வியே, “நீங்க மனுஷ டாக்டரா டாக்டரம்மா?”

“இல்லை அண்ணாச்சி, நான் எம்.எஸ்சி. படிச்சு பிஎச்.டி. பண்ணினவ. பாடம் நடத்துவேன், ஆராய்ச்சி பண்ணுவேன். ஊசி போட மாட்டேன்.”

சிரித்தார். “நானும் மாட்டு டாக்டர் இல்லம்மா. கால்நடை இன்ஸ்பெக்டர்தான். ஊருதான் டாக்டர்ங்கும்.”

மருத்துவக் கல்லூரியில் டாக்டர் இல்லாத டாக்டராக இருப்பது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். உணவிலிருந்து செல் சக்தி எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியை முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏற்றுவது நாங்கள்தான். வெள்ளைக் கோட்டும் உண்டு. ஆனால் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1998 விதிப்படி எங்கள் உயிர்வேதியியல் துறையில் பாதி ஆசிரியர் இடம் வரை எங்களைப் போன்றவர்களுக்கு இருந்தது, 2020இல் அதை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்த நல்ல பிள்ளைகள் சிலர் அந்த வருஷம் வேறு வேலை தேடிப் போனார்கள். அந்தக் கசப்பு எனக்குள் இருந்தது. அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அது கொஞ்சம் கரைந்தது என்றால் நம்புவீர்களா?

கேன் மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டினார். குச்சியில் வெள்ளையாய்ப் பனி பூத்தது. விரலை வைத்து அளந்தார். நைட்ரஜன் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு நைட்ரஜன் கொண்டுவரும் வண்டியும் வெள்ளத்தில் எங்கோ நின்றுவிட்டதாம், எப்போது வரும் என்று தெரியாதாம். வற்றினால் அவர் உறைவிந்துக் குச்சிகள் அத்தனையும் வீண். அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார்.

“இப்படி இருக்கும்போது எதுக்கு அண்ணாச்சி வந்தீங்க?”

“அந்தப் பொம்பளையளு ரத்தம்னு தம்பி சொல்லுச்சு. எங்க வீட்லயும் பீடிதான் சுத்துதாக.”

கேனுக்குள் ஆறு கானிஸ்டர், அதாவது உறைவிந்துக் குச்சிகளை நிறுத்தி வைக்கும் நீளக் குவளைகள். ஆறிலும் இருந்த குச்சிகளை இரண்டுக்குள் நெருக்கி, நான்கை எனக்குக் காலி செய்து கொடுத்தார். கேனின் கழுத்துக்கு மேலே தூக்காமல், நீள இடுக்கியால், ஒன்று எடுக்க ஒரு நொடிகூட ஆகாமல். என் முதுநிலை மாணவிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு சுத்தமான கையை எந்த ஆய்வகத்திலும் நான் கண்டதில்லை. பிள்ளைகளிடம் அங்கேயே சொன்னேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இதற்குப் புத்தகம் கிடையாது என்று.

அடுத்ததுதான் கஷ்டம். நான்கு கானிஸ்டரில் எண்பது குழாய்க்கு மேல் கொள்ளாது. ஃப்ரீசரில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. எதை எடுப்பது?

பதிவேட்டை எடுத்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்னதாய் ஒரு கோடு இருக்கும். எட்டு வருஷத்தில் இறந்துபோனவர்கள். நாற்பது பேர். மற்றவர்களிடம் இன்னொரு தடவை போய் வாசலில் நின்று, கையை நீட்டுங்கள் அக்கா என்று கேட்கலாம். இவர்களிடம் கேட்க முடியாது. ஆளுக்கு இரண்டு குழாய். எண்ணைப் பார்த்து ஒரு மாணவி எடுக்க, இன்னொருத்தி பெயரைச் சத்தமாகப் படிக்க, அண்ணாச்சி வாங்கி உள்ளே இறக்கினார். பாதியில் ஒரு பெயரைக் கேட்டதும் அவர் கை நின்றது. “இந்தம்மா எங்க தெருதான்” என்றார். அப்புறம் அதையும் இறக்கினார். அந்த அறையில் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கேனை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். ஆறு நாள். தினமும் காலையில் போன் வரும், “குச்சியை விட்டுப் பாத்தீங்களா? எம்புட்டு இருக்கு?” என்று. நைட்ரஜன் வற்றுவதற்குள் கரண்ட் வந்தது, எங்கள் ஃப்ரீசர் மறுபடி மைனஸ் 80ஐத் தொட்டது. அந்த நாற்பது பேரும் பத்திரம். நாகர்கோவிலுக்குப் போனவற்றில் எத்தனை பிழைக்கும் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இழந்ததும் நிறைய. அதைப் பற்றி இன்னொரு நாள்.

எங்கள் செய்முறை வகுப்பில் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை அளக்க ஒரு முறை உண்டு, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. சோதனைக் குழாயில் நீலம் பூக்கும். 1925இல் வந்தது. அந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா போனவர். ஹார்வர்டில் நிரந்தர வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் குழுவிலிருந்து வந்த மருந்துதான் யானைக்கால் உள்ள மாவட்டங்களில் இன்றைக்கும் நம் நாட்டில் வீடு வீடாகக் கொடுக்கிற டிஇசி மாத்திரை. வருஷா வருஷம் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன், பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கொஞ்சம் கண் கலங்கிச் சொல்வேன். அடுத்த வகுப்பில் சுப்பாராவோடு நிறுத்தப்போவதில்லை. எக்ஸ்எல் வண்டிக்காரரையும் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை விட்டுவிட்டு.

இனி ஒன்று செய்யப்போகிறேன். எடுக்கிற ரத்தத்தில் பாதியை வேறு ஊரில் வைப்பேன். எட்டு வருஷத்தையும் ஒரே பிளக்கில் மாட்டி வைத்தது என் தப்பு, வேறு யாரைச் சொல்லியும் பயனில்லை. தை பிறந்ததும் கிராமங்களுக்குப் போய், உங்கள் ரத்தம் கெட்டுவிட்டது என்று வாசல் வாசலாகச் சொல்லவும் வேண்டும். போன வாரம் ஒரு அக்காவுக்குப் போனில் சொன்னேன். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்து, சுற்ற வைத்திருந்த இலை முழுக்க அழுகிவிட்டிருந்தது. “ரத்தந்தானே, ஊறிக்கிடும். வந்து எடுத்துக்கிடுங்க” என்றார்.

கடைசியாக அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. கேனை நிரப்பித் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு குச்சி குறைகிறது, ஆத்தோட போச்சுன்னு எழுதிக்கிடுதேன் என்றீர்களே. அது ஆற்றோடு போகவில்லை. நேற்று எங்கள் குழாய்களை அடுக்கும்போது அகப்பட்டது, ஒன்றின் மூடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஜெர்சி என்று அச்சிட்டிருக்கிறது. இனிக் கன்றுக்கு ஆகாது, கணக்குக்கு ஆகும். மாட்டுப் பொங்கலன்று நானே கொண்டுவருகிறேன்.