யோகானுக்கு எந்தச் சாகே?

கோபே,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கல்யாண நாளுக்கு வரும் சிநேகிதர்களுக்கு இனிப்போடு ஜப்பான் அரிசி மதுவான சாகே ஊற்றப்போகிறேன், எதற்கு எது சேரும் என்று போனில் கேட்டாய். பாதியில் லைன் போய்விட்டதால் எழுதியே விடுகிறேன்.

இனிப்புப் பிரியரை இங்கே 'அமாதோ' என்பார்கள். குடிப்பிரியர் 'கராதோ', அதாவது காரக் கட்சி. அம்மா முதல் கட்சி, நான் இரண்டாவது. அதனாலேயே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வெகுநாள் எனக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை சொதப்பினேன். அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிட்டுச் செய்யும் தாய்கின்ஜோ சாகே, நல்ல விலை. அதைப் போய் பால் சாக்லேட்டோடு வைத்தேன். பழ வாசனையெல்லாம் ஓடிப்போய், புளித்த நீராகாரம் மாதிரி இருந்தது. லட்டு தின்ற வாயில் காப்பி எப்படி இருக்கும்? அதே கதைதான். மது இனிப்பைவிட ஒரு படி இனிப்பாக இருக்க வேண்டும்.

அதற்குத்தான் கிஜோஷு என்ற இனிப்புச் சாகே. சாகேத் தொட்டியில் கோஜிப் பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே நேரத்தில் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கும். கிஜோஷுவில் தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதில் சாகேயையே ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் சோர்ந்துவிடும், தின்னாத சர்க்கரை தங்கிவிடும். 1973-ல் அரசு ஆய்வுக்கூடத்தில் உருவான முறை. வெனிலா ஐஸ்கிரீம் மேலேயே ஊற்றலாம்.

ஆனால் என் ஓட்டு கோஷுவுக்கு. வருஷக்கணக்கில் வைத்துப் பழக்கிய சாகே. நிறம் தேன், வாசனை கருகிய வெல்லப்பாகு, கொஞ்சம் சோயா சாஸ்கூட. யோகான் என்பது சிவப்புப் பயறு, சர்க்கரை, கடல்பாசி சேர்த்து இறுக்கிய கட்டி. அதை அரை விரல் கனத்துக்கு நறுக்கு, அதற்கு மேல் வேண்டாம். மெல்லாமல் நாக்கில் வைத்து ஒரு மிடறு குடி. பயறு மண்வாசனையோடு கரையும், கோஷுவின் காரம் அடங்கும்.

கொம்பெய்தோ மிட்டாய் கிடைத்தால் கலங்கலான நிகோரி சாகேயோடு வை. 1569-ல் போர்ச்சுகல் பாதிரியார் ஃப்ரோயிஸ் ஜப்பானியப் போர்த்தலைவர் நோபுனாகாவுக்குக் கொடுத்த அதே முள்ளு மிட்டாய்தான். பார்க்க அழகு, ருசி வெறும் சர்க்கரை.

சாகேயை அங்கேயே வாங்கிக்கொள். அம்மா மூன்று கட்டி யோகான் பார்சல் போட்டிருக்கிறாள். விருந்தாளிகளுக்கு இரண்டுதானாம். மூன்றாவது மருமகளுக்கு, டீயோடு.

அப்பா