சாந்திக்கு: காடிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சாந்தி,

அந்த வாடகைக் காடிக்கு முன்பணம் கட்டாதே. முதலில் இதை முழுசாகப் படி.

நீ அலாஸ்கா, வட கனடாப் பயணத் திட்டம் அனுப்பி நாளாகிவிட்டது, நான் வாயே திறக்கவில்லை என்று பினாங்கு முழுக்கச் சொல்லித் திரிகிறாய் என்று தேவி சொன்னாள். அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு நடைப்பயிற்சி என்று நாள் ஓடிவிட்டது. இப்போது அவர் கம்பு இல்லாமலே கோயிலுக்குப் போய் வருகிறார். தேவி ஈப்போவுக்கே மாற்றல் வாங்கிவிட்டாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பக்கம் ஆட்களைச் சுற்றுலா அனுப்புவதுதான் என் பிழைப்பு என்று தெரிந்தும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 23 நாளில் ஆறு இடம் போட்டிருக்கிறாய்! அமெரிக்காவின் அலாஸ்காவில் டெனாலிப் பூங்கா, டால்டன் நெடுஞ்சாலை; வட கனடாவில் டாசன் சிட்டி, டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, நஹானிப் பூங்கா, க்ளுவேன் பூங்கா. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். மூன்றை அடித்துவிடு. காரணத்தோடு சொல்கிறேன், உன்னோடு வரும் அண்ணனிடமும் காட்டு.

நஹானிக்குச் சாலையே கிடையாது. ஃபோர்ட் சிம்ப்சனிலிருந்து தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில்தான் போக வேண்டும். வானிலை சரியில்லை என்றால் கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். காடிப் பயணத்துக்கு நடுவில் அதைச் செருக முடியாது. டெனாலிப் பூங்காவுக்குள் போகும் சாலை 148 கிலோமீட்டர். 2021 ஆகஸ்டில் நிலம் சரிந்து 43ஆம் மைலில் அதை மறித்தார்கள். முழுதும் திறந்திருக்கும் காலத்திலும் கோடையில் சொந்தக் காடியை 15ஆம் மைலுக்கு மேல் விடமாட்டார்கள், பேருந்துதான். டால்டனில் கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் டெட்ஹார்ஸ் வரை சுமார் 386 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் நிலையமும் இல்லை. அத்தனை தூரம் ஓட்டிப் போனாலும் ஆர்க்டிக் கடலைத் தொட முடியாது. கடைசித் துண்டு எண்ணெய் வயலுக்குள் போகிறது, அனுமதி பெற்ற வண்டியில் பணம் கட்டி ஏறினால்தான் கடல். உனக்குக் கடலில் கால் நனைக்க வேண்டும் என்றால் டெம்ப்ஸ்டர் வழியாக டக்டோயாக்டக் போ. டெம்ப்ஸ்டர் முடியும் இனுவிக்கிலிருந்து அந்த ஊர் வரை 2017 நவம்பரில் 138 கிலோமீட்டருக்குச் சாலை திறந்தார்கள். உன் காடியிலேயே கடற்கரை வரை போகலாம்.

இந்த மூன்றும் போனால் அமெரிக்காவே வேண்டாம். நம் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா தனி, கனடா விசா தனி. கனடாவுக்கு இப்போதே விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்துவிடு. வான்கூவருக்குத் தைப்பே அல்லது தோக்கியோ வழியாகப் பயணச்சீட்டு எடு. அமெரிக்க நகரம் வழியாக மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால், விமானம் மாறுவதற்குக்கூட அவர்கள் விசா கேட்பார்கள்.

மிஞ்சுவது டாசன், டெம்ப்ஸ்டர், டக்டோயாக்டக், க்ளுவேன். வான்கூவரிலிருந்து யூக்கான் பகுதியில் இருக்கும் வைட்ஹார்ஸுக்குப் பறந்து அங்கே காடி எடுத்தால் எல்லாம் ஒரே கோட்டில் வரும். நீ க்ளுவேனை முதலிலும் டெம்ப்ஸ்டரைக் கடைசியிலும் வைத்திருக்கிறாய். அதை அப்படியே திருப்பிப் போடு. டெம்ப்ஸ்டரில் இரண்டு ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறினாலோ, மரக்கட்டை அடித்து வந்தாலோ, காற்று பலமானாலோ படகு நின்றுவிடும். மழையில் சாலை அரித்துப் போனாலும் காட்டுத் தீ வந்தாலும் வாயிலை மூடிவிடுவார்கள். போன வழியேதான் திரும்பியும் வர வேண்டும், வேறு சாலை கிடையாது. அது கடைசியில் இருந்து, நீ அக்கரையில் மாட்டிக்கொண்டால் வான்கூவர் விமானம் போய்விடும். முதலில் முடித்துவிட்டால், தாமதமாகும் நாளை க்ளுவேனில் கழித்துக்கொள்ளலாம். க்ளுவேன் வைட்ஹார்ஸிலிருந்து 160 கிலோமீட்டர்தான், தார்ச்சாலை. மூன்று நாள் இருந்தாலும் நன்றாக இருக்கும், ஒரு நாள் இருந்தாலும் வீண் இல்லை.

தேதியையும் மாற்று. ஜூன் கடைசி வேண்டாம், கொசு உச்சத்தில் இருக்கும் காலம் அது. நம் ஊர்க் கொசுவோடு ஒப்பிடாதே. அங்கே பகலிலேயே கூட்டமாக முகத்தில் மொய்க்கும், சாப்பிட வாயைத் திறக்க முடியாது. ஆகஸ்ட் 15 வாக்கில் வைட்ஹார்ஸில் இறங்கு. கொசு அடங்கியிருக்கும். மாதக் கடைசியில் டெம்ப்ஸ்டர் ஓரத்து டூம்ஸ்டோன் மலைப்பக்கம் முழுக்கச் சிவந்துவிடும், முழங்கால் உயரச் செடிதான் அங்கே காடு, அது மொத்தமும் நிறம் மாறும். இரவு மறுபடி இருட்டத் தொடங்குவதால் வானம் தெளிந்திருந்தால் வடதுருவ ஒளியும் தெரியும். அதனால் டூம்ஸ்டோனில் போகும்போது ஒரு இரவு போதும், திரும்பும்போது மூன்று இரவு தங்கு.

இப்போது காடி. நான் பயப்படுவதே இதற்குத்தான்.

நம் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழு நீளமும் 772 கிலோமீட்டர். டெம்ப்ஸ்டர் ஏறக்குறைய 740. அதில் ஃபோர்ட் மெக்ஃபர்சன் என்ற ஊர் வரும்வரை ஒரே ஒரு ஓய்வு நிலையம்தான் இருக்கிறது, அங்கே மட்டும்தான் எண்ணெய், மற்ற இடமெல்லாம் கல்சாலை என்று நினைத்துக்கொள். அந்த இடத்தின் பெயர் ஈகிள் ப்ளெயின்ஸ், 369ஆம் கிலோமீட்டர். டாசனில் தொட்டி நிரப்பினால், டெம்ப்ஸ்டர் தொடங்கும் சந்திப்பு வரை 40, அங்கிருந்து 369, ஆக 410 கிலோமீட்டர் ஓட வேண்டும். எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கும் பெரிய காடி என்றால் 53 லிட்டர் போய்விடும். வைட்ஹார்ஸில் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்கி, ஆள் உட்காரும் இடத்தில் வைக்காமல் வெளியே கட்டு. ஈகிள் ப்ளெயின்ஸைத் தாண்டினால் ஃபோர்ட் மெக்ஃபர்சன் 180 கிலோமீட்டரில் வந்துவிடும், அதற்கப்புறம் இனுவிக், டக்டோயாக்டக் எல்லா இடத்திலும் எண்ணெய் உண்டு. பாதித் தொட்டி இருக்கிறதே என்று எந்த நிலையத்தையும் தாண்டிப் போகாதே.

டயர்தான் முக்கியம். அந்தச் சாலையில் போட்டிருப்பது உருண்டைக் கல் இல்லை, சில்லு சில்லாக உடைந்த பாறை. சில்லு செங்குத்தாக நிற்கும்போது டயர் ஏறினால் பக்கச் சுவர் கிழிந்துவிடும். மேல்பகுதியில் ஓட்டை விழுந்தால் நாமே குச்சி செருகி அடைத்துக்கொள்ளலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்க வழியே இல்லை, டயரையே மாற்ற வேண்டும். நீ பார்த்து வைத்திருக்கும் காடியின் பின்பெட்டியில் இருப்பது மெல்லிய தற்காலிக டயர். அதில் 50 கிலோமீட்டர் கூட அந்தக் கல்லில் நம்பிப் போக முடியாது. பத்து அடுக்கு வலுவுள்ள லோரி வகை டயர் நான்கு, அதே அளவில் முழு மாற்று டயர் இரண்டு, 12 வோல்ட் காற்றடிப்பான், ஓட்டை அடைக்கும் பெட்டி. இவ்வளவும் இருக்கும் காடியைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் இடத்திலேயே மாற்று டயரை இறக்கி, ஜாக்கியைப் பொருத்தி, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல். சக்கர நட்டுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று கேள். கல்லில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, 70 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினால் பாதி ஆபத்து போய்விடும். அண்ணனிடம் இந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கூலிமுக்கு அவர் ஓட்டும் வேகம் எனக்குத் தெரியும்.

சாலை ஏன் அப்படி மேடாக இருக்கிறது என்று அவர் கேட்பார். அடியில் நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கிறது. அது உருகிவிட்டால் சாலை அமிழ்ந்துவிடும். அதனால் 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் கனத்துக்குக் கல்லைக் கொட்டி, அதன் மேல் ஓட விட்டிருக்கிறார்கள். ஓரம் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும், பக்கவாட்டில் நேராகச் சரிவு. படம் எடுக்க ஓரத்தில் ஒதுங்கினால் காடி சாய்ந்துவிடும். அகலமான ஒதுக்கிடம் வரும்வரை பொறு. திடீரென்று நேராக, ரொம்ப அகலமாக ஒரு இடம் வந்தால் அங்கேயும் நிறுத்தாதே, அது அவசரத்துக்கு விமானம் இறங்கும் ஓடுதளம். எதிரே லோரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கு. வலப்பக்கம், சாந்தி! அங்கே எல்லாம் நமக்கு எதிர்ப்பக்கம். தூசு அடங்கப் போடும் உப்பு மழையில் ஊறிச் சோப்பு போல் வழுக்கும். அந்தச் சேறு சக்கரத்தின் உட்புறம் அப்பிக்கொண்டால் வண்டி நடுங்கும், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிடாதே. நிறுத்திச் சுரண்டி எடு, கூடவே பின்விளக்கையும் துடை. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், யூக்கானில் அது சட்டம்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் பார். கல்சாலை அனுமதி உண்டா? டெம்ப்ஸ்டர் என்று பெயரோடு எழுதியிருக்கிறதா? கண்ணாடி, டயர், அடிப்பாகம் காப்புறுதியில் சேருமா? நடுவழியில் நின்றால் இழுத்து வரும் செலவு யாருடையது? நிறைய நிறுவனங்கள் முதல் கேள்விக்கே இல்லை என்றுதான் சொல்லும். மலிவு என்று அதில் கையெழுத்து போட்டுவிட்டுத் திருட்டுத்தனமாகப் போனால், ஒரு விபத்தில் மொத்தச் செலவும் உன் தலையில்.

படகு இரண்டும் இலவசம். முதலாவது 539ஆம் கிலோமீட்டரில் பீல் ஆறு, அடுத்தது 608இல் மெக்கென்சி. மெக்கென்சிப் படகு மூன்று கரைக்குப் போகும். ட்சீகேட்சிக் கிராமத்துக்கா, இனுவிக் பக்கமா என்று ஊழியரிடம் சொல்லிவிட்டு ஏறு. யூக்கானை விட்டு வடமேற்குப் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், படகு நேரமும் அந்தக் கணக்குதான். ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் 511 என்ற சாலைத் தகவல் சேவையில் நிலவரம் பார்.

அடுத்தது அண்ணனின் இன்சுலின். இதில் நான் விளையாடவில்லை. டாசனில் மருத்துவமனை உண்டு, இனுவிக்கில் உண்டு. நடுவில் ஃபோர்ட் மெக்ஃபர்சனில் சிறு சுகாதார நிலையம், அவ்வளவுதான். பெரும்பாலான வழியில் தொலைபேசி அலையே இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்து, எப்படி அழுத்துவது என்று நீங்கள் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். இன்சுலினை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டையும் கைப்பையில் எடுத்துப் போ, பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதே. மருத்துவர் கடிதம் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அங்கே இரவு பூஜ்யத்துக்கு இறங்கும். காடியில் விட்டுவைத்த இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். தூங்கும்போது உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். யூக்கான் நமக்கு 15 மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கு. படகு நின்று சாப்பாடு தள்ளிப்போகும் நாளும் வரும், இனிப்பு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நெத்திலிச் சம்பல் கொண்டுபோவாய் என்று தெரியும். கொண்டுபோ, ஆனால் வான்கூவர் சுங்கத்தில் எல்லா உணவையும் எழுதிக் கொடு. இறைச்சி கலந்தது எதுவும் வேண்டாம். கூடாரத்துக்குள் மட்டும் அதைத் திறக்காதே. கரடிக்கு அந்த வாசனை போதும். பற்பசை, உன் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் எல்லாம் இரவில் காடிக்குள் பூட்டி வை. சமைப்பது கூடாரத்திலிருந்து தள்ளி, சமைத்த சட்டையோடு தூங்கக் கூடாது. கரடித் தெளிப்பானை விமானத்தில் ஏற்ற முடியாது, அடுப்புக்கான எரிவாயுவும் அப்படித்தான். இரண்டையும் வைட்ஹார்ஸில் வாங்கு. தெளிப்பானை இடுப்பில் மாட்டு, பைக்குள் போட்டால் எடுக்கும் நேரம் இருக்காது.

க்ளுவேனைப் பற்றி எழுத நிறைய உண்டு, ஒன்று மட்டும் சொல்கிறேன். 5,959 மீட்டர் லோகன் மலை சாலையிலிருந்து தெரியாது. சிறு விமானத்தில் ஏறினால்தான் அந்தப் பனிவெளி விளங்கும். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை விட்டுவிடாதே. வழியில் க்ளுவேன் ஏரிக்குத் தெற்கே காய்ந்த ஆற்றுப்படுகை ஒன்றில் புழுதி பறக்கும். ஸ்லிம்ஸ் ஆறு ஓடிய இடம். பனியாறு பின்வாங்கியதில் 2016இல் உருகும் தண்ணீர் வேறு பக்கம் திரும்பி, ஆறே நின்றுபோனது. அங்கே இறங்கிப் பார்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, சிறிய எழுத்தில் இருப்பதையும் சேர்த்து. ஞாயிறு இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, வேறு காடிகளின் விலையோடு நான் தயாராக இருப்பேன். ஈகிள் ப்ளெயின்ஸ் அறையையும் அன்றே போட்டுவிடலாம், போக ஒன்று, வர ஒன்று.

அன்புடன்,
மல்லிகா