தீர்ப்பைச் சரிபார்க்கச் சந்தா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இடம்பெற்று, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதிலிருந்து, இல்லாத தீர்ப்புகளைத் தாமே உருவாக்கித் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய பேச்சு எங்கள் வழக்கறிஞர் அறையிலும் ஓயவில்லை. விலை உயர்ந்த சட்டத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டிச் சரிபார்க்க இயலாத சிறு அலுவலகங்கள் இந்தக் கருவிகளின் பக்கமே போகக் கூடாது என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு ஜூனியரையும் ஒரு குமாஸ்தாவையும் வைத்துத் தொழில் நடத்தும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு செக் மோசடி வழக்கில், எந்த ஊர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்வது என்ற கேள்விக்கு, என் ஜூனியர் அத்தகைய கருவி ஒன்றைக் கேட்டு நான்கு தீர்ப்புகளை எடுத்து வந்தார். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்காக 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்திலும், தீர்ப்புகளைத் தேடித் தரும் இந்தியன் கானூன் தளத்திலும் தேடினோம், இரண்டுமே இலவசம். இரண்டு தீர்ப்புகள் எங்குமே இல்லை. மூன்றாவதற்குத் தரப்பட்டிருந்த தொகுதி, பக்க எண்ணில் நில எடுப்பு இழப்பீடு பற்றிய தீர்ப்பு இருந்தது. நான்காவது உண்மையானது: 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய தசரத் ரூப்சிங் ராத்தோட் தீர்ப்பு. நான்கில் எனக்கு அச்சம் தந்தது அதுதான். காசோலையைத் திருப்பிய வங்கிக் கிளை எங்கிருக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில்தான் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, பணம் பெற வேண்டியவர் தம் கணக்கில் காசோலையைச் செலுத்தியிருந்தால், அந்தக் கணக்கு உள்ள கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றமே அதை விசாரிக்கும். தீர்ப்பு இருக்கிறதே என்று நம்பித் தாக்கல் செய்திருந்தால், கட்சிக்காரர் வேறொரு மாவட்டத்துக்கு அலைந்திருப்பார். நான்கையும் பார்த்து முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தீர்ப்பு இருக்கிறதா என்று அதே கருவியிடம் திரும்பக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இல்லாத தீர்ப்புகளைக் காட்டியதற்காக 2023-இல் 5,000 டாலர் அபராதத்துக்கு உள்ளான தரப்பின் வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். உண்மையான தீர்ப்புதான் என்று கருவியும் பதில் சொன்னது.

தீர்ப்பு கிடைத்துவிட்டால் அதன் முழு வாசகத்தையும் படிக்க வேண்டும். மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் முன்வைத்த வாதத்தை நீதிமன்றம் ஒரு பத்தியில் எடுத்தெழுதி, அடுத்த பத்தியில் நிராகரித்திருக்கும். கருவியோ அந்த முதல் பத்தியை நீதிமன்றத்தின் முடிவாகவே சுருக்கித் தந்துவிடும். பிரிவு எண்களும் இப்போது தனித் தொல்லை. 2024 ஜூலை 1-க்கு முன், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவு என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அன்று முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய சட்டத்தையும் புதியதையும் குழப்பி எழுதப்பட்ட மனு வரைவுகளை நானே பார்த்திருக்கிறேன். (மனிதர்களும் குழப்புகிறார்கள், அதையும் மறைப்பதற்கில்லை.) இதற்கும் செலவில்லை, அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்ட வாசகம் இருக்கிறது.

காசு தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று. ஒரு தீர்ப்பு சரியல்ல என்று பின்னர் மறுக்கப்பட்டதா, வேறு வழக்குக்குப் பொருந்தாது என்று வேறுபடுத்தப்பட்டதா என்று உறுதிசெய்ய, அதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளை இந்தியன் கானூனிலேயே பட்டியலாகப் பார்க்கலாம்தான். ஆனால் அவை நூற்றுக்கணக்கில் இருந்தால், வாய்தாவுக்கு முந்தைய இரவில் ஒரு ஜூனியரால் படித்து முடிக்க இயலாது. மறுக்கப்பட்ட தீர்ப்பு இது என்று குறித்துக் காட்டும் கட்டணத் தரவுத்தளம் அங்கேதான் உதவும். அதற்கு ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே சந்தா கட்ட வேண்டியதில்லை. வழக்கறிஞர் சங்கம் ஒரே சந்தாவை எடுத்து, நூலகக் கணினி ஒன்றில் எல்லா உறுப்பினர்களும் பயன்படுத்தும்படி வைத்தால் போதும். எங்கள் சங்க நூலக அலமாரியில் புதிய தொகுதிகள் வந்து ஆண்டுகள் பலவாகின்றன, ஆனால் உறுப்பினர் கட்டணத்தில் நூலகத்துக்கான பகுதி இன்றும் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தை இதற்குச் செலவிடுமாறு அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். பிற ஊர்ச் சங்கங்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்காகவே தங்கள் இதழுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்,
சிவகங்கை