சின்னம்மா கையெழுத்து செல்லாதாம்

ஆசிரியருக்கு வணக்கம்,

ரெண்டு அம்மா இருக்கற வீட்ல புள்ளைங்க எப்படி வளரும்னு போன வாரம் கவலைப்பட்டு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. என் பேத்திக்கு ஏழு வயசு, அவளுக்கு ரெண்டு அம்மாதான். கத்திரிக்காய் திங்க மாட்டா, மத்தபடி நல்லாத்தான் வளர்றா. பிரச்சனை வேற எடத்துல இருக்கு சார்.

என் பொண்ணு 2019ல தத்தெடுத்தா. தனியா இருக்கற பொம்பளை தத்தெடுக்க சட்டம் விடுது, ஆனா ஜோடியா எடுக்கணும்னா கல்யாணமாகி ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும், இவளுங்களுக்கு எங்க கல்யாணம்? தத்து குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்க ஆளு வர்றாங்கன்னதும், என் பொண்ணோட ஜோடியா வாழற பொண்ணோட துணி, செருப்பு, டூத் பிரஷ் வரைக்கும் ரெண்டு கட்டைப்பையில போட்டு என் வீட்டுக்கு வந்துச்சு. குழந்தைக்கு தொட்டில் கம்பி வாங்கிட்டு வந்ததே அவதான். 2022 ஜூன்ல, சேர்ந்து வாழற ஆளு இருந்தா சிங்கிள்னு விண்ணப்பிச்சாலும் எடுத்துக்க மாட்டோம்னு தத்து விவகாரம் பாக்கற மத்திய அரசு அமைப்பு சுத்தறிக்கையே விட்டுச்சு, நல்லவேளை நாங்க முந்திக்கிட்டோம்.

பேத்தி அவளை சின்னம்மான்னு கூப்புடுவா. நம்ம பாஷையில அந்த வார்த்தை இருக்கறது எவ்ளோ வசதி தெரியுமா, அக்கம்பக்கத்துல தங்கச்சின்னு நினைச்சுக்கறாங்க, சில பேரு மட்டும் ஜாடையே இல்லையேம்பாங்க.

போன வருஷம் புள்ள சறுக்கு மரத்துல இருந்து விழுந்து கை ஒடிஞ்சுடுச்சு. என் பொண்ணு வேலை விஷயமா பெங்களூர்ல இருந்தா, சின்னம்மாதான் தூக்கிட்டு ஓடினா. மயக்க மருந்து குடுத்து எலும்பை சேர்க்கணும், கையெழுத்து யாரு போடறதுன்னு கேட்டிருக்காங்க. உறவுமுறை சின்னம்மான்னதும், அம்மாவோட கூடப்பொறந்தவங்களா, ஆதார் காட்டுங்கன்னாங்களாம். அப்புறம் என்னை கூப்பிட்டாங்க. நான் பஸ் மாறி ஆட்டோ புடிச்சு போய் சேர ஒன்றரை மணி நேரம், புள்ள அதுவரைக்கும் சின்னம்மா மடியிலயே அழுதுட்டு கெடக்கு. அவசரத்துல கண்ணாடிய எடுக்காம போயிட்டேன், என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியாம அவங்க விரல் வெச்ச எடத்துல போட்டேன். அது செல்லுது!

நான் 33 வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டர்ல இருந்தவ. நாமினி பாரத்துல உறவுமுறைங்கற கட்டத்துல "தோழி"ன்னு எழுதினவங்களை, ஏம்மா சொந்தக்காரங்க யாருமே இல்லையான்னு நானே குடைஞ்சு கேட்டிருக்கேன். இப்ப நினைச்சா கூசுது.

ஒரே பாலின கல்யாணத்தை ஏத்துக்கணும்னு போட்ட வழக்குல 2023 அக்டோபர் 17 சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பை டிவில பாத்தேன். தத்து விஷயத்துல ரெண்டு நீதிபதிங்க இவங்க பக்கம், மூணு பேரு இல்ல, அவ்வளவுதான், 2025 ஜனவரியில மறுசீராய்வும் போச்சு. இந்த மாதிரி ஜோடிங்க வங்கியில ஜாயின்ட் அக்கவுண்ட் தொறக்கலாம், ரேஷன் கார்டுல ஒரே குடும்பமா சேரலாம்னு 2024ல மத்திய அரசு சொல்லிச்சு. அதாவது அரிசிக்கு ஒரே குடும்பம், புள்ளைக்கு இல்ல.

2025 மே மாசம் நம்ம சென்னை ஹைகோர்ட் மட்டும் கல்யாணம் ஒண்ணுதான் குடும்பத்துக்கு வழின்னு இல்லன்னு சொல்லிச்சு, ஒரே பாலினத்தை விரும்பற தன் மகனுக்காக வெளிப்படையா பேசின நீதிபதி லீலா சேத் மாதிரி எல்லா அம்மாவும் இருக்க மாட்டாங்கன்னும் அதுல இருந்துச்சு. உண்மைதான். நானும் என் பொண்ணுகிட்ட ரெண்டு வருஷம் பேசல.

இப்ப ராத்திரி தூக்கம் வராதது எதுக்குன்னா, நாளைக்கு என் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா புள்ள யாருகிட்ட போகும்? தொட்டில்ல இருந்து வளத்தவகிட்ட கேக்க மாட்டாங்க, பாட்டின்னு என்கிட்டதான் வருவாங்க. எனக்கு 66 வயசு, சுகர், மாடி ஏறினா மூச்சு வாங்குது. எனக்கு அப்புறம் என் பையன் இருக்கான், அவன் இந்த வீட்டு வாசப்படியே மிதிச்சதில்ல.

உயில்ல சின்னம்மாவை கார்டியனா எழுதி வைக்கலாம்னு ஒரு வக்கீல் சொன்னாரு. போன மாசம்தான் எழுதினோம், யாராவது வழக்கு போட்டா எவ்ளோ தூரம் நிக்கும்னு கேட்டதுக்கு அவரு உதட்டைப் பிதுக்கினாரு. இருந்தாலும் இப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்கு ஆறு வருஷமா தெரியல. அடுத்த தடவை இதைப் பத்தி எழுதும்போது ஒரு ஓரமா பெட்டி செய்தியா அதைப் போடுங்க. என் பேரு, ஊரு மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி