எச்.ஆர். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வேலைப் பாகுபாடு பற்றிய கட்டுரையில் புகார் கொடுப்பதற்கான கெடு விடுபட்டிருக்கிறது. நான் இங்கே சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் வழக்கறிஞர். நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து ஒதுக்கினால் 1964 சிவில் உரிமைகள் சட்டப்படி 180 நாளுக்குள் எங்கள் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும், மாநிலத்திலும் இதற்கென்று சட்டமும் அமைப்பும் இருந்தால் 300. கம்பெனி எச்.ஆர். (மனிதவளத் துறை) ‘விசாரிக்கிறோம்’ என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தாலும் அந்தக் கணக்கு நிற்காது. அந்த மின்னஞ்சல்களை எல்லாம் பத்திரமாக அச்செடுத்துக்கொண்டு, கெடு தாண்டி வருகிறவர்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். எச்1பி விசா என்று பயப்படவும் வேண்டாம், சட்டம் விசா பார்ப்பதில்லை, புகாருக்குக் கட்டணமும் கிடையாது. அப்புறம், எல்லாப் புகாருக்கும் நாங்களே கோர்ட்டுக்குப் போவதில்லை. நீங்களே வழக்குப் போடலாம் என்று எங்களிடமிருந்து கடிதம் வந்தால், வழக்குப் போட அதிலிருந்து 90 நாள்தான்.

– வாசகர், சிகாகோ