நுங்கம்பாக்கத்துத் தூணைப் போய்ப் பார்

கொடைக்கானல்

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் வந்தது. சென்னை பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேரிக்காய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, விலைதான் இல்லை. இ-பாஸ் வந்த பிறகும் சனி, ஞாயிறில் ஏரியைச் சுற்றி வண்டி நகர்வதில்லை.

மெரினா, மியூசியம், கபாலி கோயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, பேரப்பிள்ளைகளை இனி எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்லும் முதல் இடத்துக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, புயல் வந்தால் டிவியில் காட்டுவார்களே, அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வான் ஆய்வுக்கூடத்தின் மிச்சம் அது. விண்மீன் பார்க்கும் கருவி துளியும் அசையக்கூடாது என்று சுமார் 10 டன் எடையில் அந்தத் தூணை நிறுத்தி, அதன் மேல் கருவியை வைத்தார்கள். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்திருக்கிறது. கணித அறிவியலை ஆசியாவில் முதலில் ஊன்றியது தாங்கள்தான் என்று ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதை என்னால் ஏற்க முடியாது. ஆர்யபட்டரும் பாஸ்கரரும் பிறந்த மண்ணில் அவர்கள் எதை முதலில் ஊன்றினார்கள்?

ஆனால் அங்கே நடந்த வேலை பெரிய வேலை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே பணிபுரிந்தவர். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் புத்தகம் எழுதினார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரை அவசியம் சொல்லு.

நம் ஊர் உறவு இதுதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதற்குத் தெளிந்த வானமுள்ள மலை தேடினார்கள், நம் ஊர் இருக்கும் பழனி மலைத்தொடர் அமைந்தது. 1899-இல் நுங்கம்பாக்கத்து வேலை இங்கே மாறியது, அங்கிருந்த கருவிகளும் மலையேறின. மோட்டார் ரோடு வராத காலம், எப்படித்தான் கொண்டுவந்தார்களோ! பள்ளியிலிருந்து நம்மை அழைத்துப்போய், இருட்டறையில் வெள்ளைப் பலகையில் விழும் சூரியனைக் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? மிளகு தூவின மாதிரி கரும்புள்ளிகள் தெரிந்தன. அந்தப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டறிந்தது நம் ஊர் அப்சர்வேட்டரியில்தான், அதாவது இங்கே வந்த அந்த வான் ஆய்வுக்கூடத்தில்தான். நாம் அதை நம் ஊர்ச் சொத்தாகவே நினைத்து வளர்ந்தோம். அதன் தாய்வீடு நீ இருக்கும் ஊரில், ஒரு ஆபீஸ் வளாகத்துக்குள் கவனிப்பாரில்லாமல் நிற்கிறது என்பது எனக்கு மனதுக்கு ஆகவில்லை.

அந்தக் கல்லூரிச் சாலையிலேயே மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி நூலகமும் இருக்கிறது, 1812-இல் தொடங்கியது. சிவப்புக் கட்டடம், உள்ளே உயர உயரமான அலமாரிகள். புத்தகம் பிடித்த பிள்ளைக்கு அரை நாள் போதாது.

அப்புறம் எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற தேவாலயம். 1821-இல் திறந்தது. அந்த இடம் சதுப்பு நிலம். அதனால் உறைகிணறு இறக்குகிற நம்மூர் முறையில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அவ்வளவு பெரிய கட்டடத்தை ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே வட்டமான கூடம். தலைக்கு மேலே குவிமாடம் முழுக்க நீலம், அதில் பொன்னிற நட்சத்திரங்கள். நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக அண்ணாந்து பார்க்கச் சொல்லு. ஆர்மீனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயமும் உண்டு. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் மெட்ராஸில் நடத்திய பாதிரியாரின் கல்லறை அங்கேதான். ஊர் நெரிசலுக்கு நடுவில் நல்ல முற்றம் அது.

வானிலை மையம் அரசு அலுவலகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போ. தூணில் தமிழ் எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இங்குள்ள பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். மே மாதம் நீங்கள் எல்லோரும் வந்தால் அப்சர்வேட்டரிக்கு நானே கூட்டிப்போகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
மரகதம்